மழைக்காட்டு விடுதிகளும் விலங்கு காண்டலும்

மழைக்காடு என்றதும் விலங்குகள் நிறைந்து உலாவும் ஒரு பெருந்தோட்டமே நம்மிற் பலர்க்கு மனத்தில் தோன்றும். சிறுத்தையும் குரங்கும் கிளியும் பாம்பும் அடிக்கொன்றாய் எதிர்ப்படும் என்று எண்ணுகிறோம். படக்காட்சிகள் நமக்கு ஊட்டிய எண்ணம் இது. உண்மையோ இதற்கு மாறானது. அக்காட்டினுட் புகுந்து ஒரு பகல் முழுதும் நடந்தும், இலையையும் எறும்பையும் கொசுவையுமன்றி வேறொன்றும் காணாது திரும்புதல் அங்கு அரிதன்று. அங்ஙனமிருக்க, அத்தகைய காடுகளின் நடுவே விடுதிகளை அமைத்து, விலங்கு காண விழைவாரை உலகெங்குமிருந்து வரவழைத்துக் காட்டியனுப்புதல் எவ்வாறு இயல்வதாயிற்று? இதனை ஒருவாறு விளக்கவே இக்கட்டுரை எழுந்தது. பொதுவாகக் கூறின் பொருள் விளங்காதாதலின், தென் அமெரிக்காவிற் பெரு நாட்டின் தென்கிழக்கே ஓடும் தம்போபாத்தா ஆற்றங்கரையை எடுத்துக்காட்டாகக் கொள்வேன். யான் அவ்விடத்தைக் கண்டவனல்லேன், படித்தறிந்தவற்றையே கூறுகின்றேன்.

விலங்குகள் கண்ணிற் படாமைக்குக் காரணம் அவை இல்லாமையன்று. மழைக்காட்டில் உயிரினங்கள் மிகப் பல. ஆயின் ஒவ்வோரினத்திலும் உயிர்கள் சிலவே. அவையும் தொலைவிற் சிதறி வாழ்வன. நம்மூர் ஏரியில் ஒரே இனத்துக் கொக்குகள் நூறு ஒருங்கு நிற்கக் காண்கிறோம். அமேசான் காட்டிலோ நூறினப் பறவைகள் இருக்கும். இனத்திற்கு ஒன்றிரண்டே எதிர்ப்படும். இனி, மரங்கள் நூறடிக்கு மேலும் ஓங்கி, முகடு வேய்ந்தாற்போல் ஒன்றோடொன்று கவிந்து நிற்கின்றன. கதிரவனொளியில் மிகச் சிறு பங்கே தரையை எட்டும். பூவும் கனியும் உச்சியில் இருத்தலின், அவற்றை உண்ணும் குரங்குகளும் பறவைகளும் உச்சியிலேயே வாழ்கின்றன. தரையில் நிற்பவன், மாளிகையின் நிலவறையில் நின்றுகொண்டு மேன்மாடத்து விருந்தைக் காண முயல்பவனையே ஒப்பான். பாலூட்டிகளுட் பல இரவில் மட்டுமே வெளிவருதலையும் இவற்றோடு கூட்டுக.

ஆகவே, அத்தகைய காட்டில் விடுதி நடத்துவோர் முதற்கண் அறியவேண்டுவது, காடு தன் மறைப்பைச் சிறிதே விலக்கும் இடங்கள் எவை, வேளைகள் எவை என்பதே. தம்போபாத்தாவில் அத்தகைய இடங்கள் சிறப்பாக மூன்று: ஆற்றங்கரை மண்மேடு, பழைய ஆற்றின் ஏரி, மரமுகடு.

மண்மேட்டை அந்நாட்டார் 'கொல்பா' என்பர். ஆறு அறுத்தமையாற் செங்குத்தாய் நிற்கும் களிமண் கரை அது. விடியலில் நூற்றுக்கணக்கான கிளிகள் அங்கு வந்து கூடி மண்ணைத் தின்கின்றன. முதலில் அயலிலுள்ள மரங்களில் அமர்ந்து நெடுநேரம் கூச்சலிடும். சிறிய கிளிகள் முன்னர் இறங்கும். அதன்பின், நாம் பஞ்சவர்ணக்கிளி என்று வழங்கும் பெருங்கிளிகள் செந்நிறமும் பசுமையும் நீலமும் மஞ்சளும் விரவிய கூட்டமாய்க் கரையை மூடும். ஒரு பருந்தின் நிழல் விழுந்தாலும், ஒரு படகு சற்றே நெருங்கினாலும், அனைத்தும் ஒரே பேரொலியாய் எழுந்து மறையும். மழை பெய்யும் காலையில் அவை வருவது அரிது. ஆதலின் விருந்தினர் இருளிலேயே எழுந்து, ஆற்றைக் கடந்தோ, ஓலைமறைவில் அமர்ந்தோ, பேசாது காத்திருக்கின்றனர். தம்போபாத்தாவின் மேற்பகுதியிலுள்ள கொலராதோ என்னும் கொல்பா, அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று.

கிளி மண்ணைத் தின்பது எதற்கு? காய்களிலும் விதைகளிலும் உள்ள நச்சுப்பொருள்களைக் களிமண் பற்றிக்கொண்டு வெளியேற்றும் என்று ஒருசாரார் கூறினர். 1999 முதல் அவ்விடத்தில் ஆராய்ந்துவரும் டொனால்டு பிரைட்ஸ்மித் முதலானோர், கிளிகள் விரும்பித் தின்னும் மண்ணடுக்கில் சோடிய உப்பு மிகுந்திருத்தலைக் கண்டு, உப்பின்பொருட்டே அவை வருகின்றன என்பர். இதற்கு நிலவியற் பொருத்தமும் உண்டு. கடலினின்று எழும் காற்று மழையோடு சிறிது உப்பையும் கொணரும். அட்லாண்டிக்குப் பெருங்கடலோ அவ்விடத்திற்கு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் உளது. அருகிலுள்ள பசிபிக்குக் கடலை ஆண்டீசு மலைத்தொடர் மறைத்து நிற்கிறது. உப்பற்ற காட்டில் உப்புள்ள கரை ஒன்றிருப்பின், உயிர்கள் அங்குக் கூடுதல் வியப்பன்று. குஞ்சு பொரித்து வளர்க்கும் பருவத்திற் கூட்டம் மிகுதலும் இக்கருத்திற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

அடுத்தது ஏரி. வளைந்தோடும் ஆறு, ஒரு காலத்தில் வளைவை விட்டு நேரே அறுத்துக்கொண்டு போக, விடுபட்ட வளைவு பிறைவடிவ ஏரியாய்த் தங்கிவிடுகிறது. மூன்று சிம்பாதாசு என்று பொருள்படும் பெயரையுடைய திரெசு சிம்பாதாசு ஏரி அத்தகையது. அங்கு வாழ்வது பெருநீர்நாய். மூக்கு முதல் வால்நுனிவரை ஏறத்தாழ ஆறடி நீளமுடையது, குடும்பமாய் வாழ்வது, ஒவ்வொன்றன் கழுத்திலும் உள்ள வெண்ணிறத் திட்டு வெவ்வேறு வடிவினதாதலின், முகம் கண்டு மக்களை அறிதல்போல அத்திட்டினைக் கண்டு ஒவ்வொரு விலங்கையும் அறியலாம். அதன் தோலின் விலையே அதற்கு நமனாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் தோல் வாணிகத்திற்காக ஆயிரமாயிரமாய்க் கொல்லப்பட்டு அருகிப்போயிற்று.

கொல்ல வந்தவர் போய்க் காண வந்தவர் வந்தபின் அதற்கு இடர் முற்றும் தீர்ந்ததோ எனின், இல்லை. 1990-களில் மனு என்னும் அண்டைக் காட்டில் ஆராய்ந்த ஷெங்க், ஸ்டாய்ப் என்னும் செருமானியர் இருவர், படகுகள் வளைக்கு அருகிற் சென்று கலக்கும் ஏரிகளில் நீர்நாய்கள் குட்டிகளை வளர்த்தெடுப்பது குறைகிறது என்று கண்டனர். அன்போடு நோக்கும் கண்ணும் மிக அணுகினால் ஊறு செய்யும் என்பது எனக்குப் புதிய செய்தி. அதனால் விதிகள் எழுந்தன: ஏரியின் ஒரு பகுதி மக்கட்கு அடைக்கப்படும், படகு துடுப்பினால் மட்டும் மெல்லச் செல்லும், வளைக்கு அருகே செல்லலாகாது, விலங்கு தலைநீட்டிச் சீறினால் பின்வாங்க வேண்டும். பெருந்தொலைவு வந்த விருந்தினர்க்கு இது மனக்குறைவைத் தரும். ஆயினும் அவ்விதியைக் காக்க மறுக்கும் விடுதி சில ஆண்டுகளிற் காட்டுதற்கு ஒன்றுமின்றி நிற்கும்.

மரமுகட்டைப் பற்றி விரித்தற்கு ஒன்றுமில்லை. நூறடிக்கு மேற்பட்ட ஏணிக்கோபுரம் ஒன்றை நிறுவி, அதன்மேல் ஏறி நிற்பின், தரையிலிருந்து கழுத்து நோவப் பார்த்தும் காணாதவை கண்ணுக்கு நேரே பறந்து செல்லும். அவ்வளவே.

நிற்க. இவ்விடங்களையெல்லாம் அறிந்து காட்டுபவன் வழிகாட்டி. அவனின்றி விடுதி வெறுங் கூரையே. பாதையிற் பாதி கடித்த கனிகள் புதிதாய் விழுந்து கிடப்பின், தலைக்குமேற் குரங்குகள் உண்டுகொண்டிருக்கின்றன என்பான். காற்றில் ஒருவகை முடைநாற்றம் தங்கியிருப்பின், காட்டுப்பன்றிக் கூட்டம் சற்று முன்னரே கடந்தது என்பான். இரும்புக் குண்டுபோன்ற பிரேசில் கொட்டையின் ஓட்டில் ஒரு துளையைக் காட்டி, இது அகூட்டியின் பல் செய்த வேலை என்பான். அகூட்டி முயலளவினதாகிய ஒரு கொறிவிலங்கு. அவ்வோட்டை உடைத்துத் திறக்க வல்லவை காட்டில் மிகச் சிலவே. அது தின்றது போக மண்ணிற் புதைத்து மறந்த விதைகளே மறுபடி பிரேசில் கொட்டை மரங்களாய் முளைக்கின்றன. இரவில் ஆற்றின்மேல் விளக்கைச் செலுத்தி, கனல்போல ஒளிரும் இரு புள்ளிகளைக் காட்டி, அவை கெய்மன் என்னும் முதலையின் கண்கள் என்பான். இவ்வறிவிற் பாதி கல்லூரியிற் கற்பது. மற்றப் பாதி அக்காட்டிற் பிறந்து, வேட்டையாடியும் கொட்டை பொறுக்கியும் வளர்ந்தார்க்கே உரியது. தொல்காப்பியம் ஒரு திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து விலங்கையும் மரத்தையும் பறவையையும் கூறி, அவற்றோடு ஒருங்கே அந்நிலத்தாரின் தொழிலையும் வைத்தது. அந்நிலத்தாரை நீக்கிவிட்டு விலங்கை மட்டும் காட்டப் புகுந்த விடுதிகள் பல நாடுகளில் உள. தம்போபாத்தாக் கரையிலோ வேறொரு முயற்சி நிகழ்ந்தது.

அக்கரையில் எசே எஹா என்னும் பழங்குடியினரும், பிற்காலத்து வந்து குடியேறியோரும் ஒன்றுகூடி வாழும் ஊர் ஒன்றுண்டு. அதன் பெயர் இன்பியெர்னோ. ஸ்பானிய மொழியில் நரகம் என்பது பொருள். அது இருக்கும் மாநிலத்தின் பெயரோ 'இறைவனின் தாய்' என்று பொருள்படும் மாத்ரே தே தியோசு. பெயரிட்டவர் நகைச்சுவையுடையார் போலும். 1976-இல் அவ்வூரார்க்கு நிலவுரிமை சட்டப்படி வழங்கப்பட்டது. 1996-இல் அவர்கள் ரெயின்பாரஸ்ட் எக்ஸ்பெடிஷன்ஸ் என்னும் பெரு நாட்டுக் குழுமத்தோடு 20 ஆண்டுக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கு ஊர்க்கு, 40 பங்கு குழுமத்திற்கு. நடத்துமுறையில் இருவர்க்கும் சமவுரிமை. ஊரார் வெறும் வேலையாட்களாய் நில்லாது தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பன அதன் கூறுகள். ஊராரே மரமும் ஓலையும் கொணர்ந்து கட்ட, 1998-இல் பொசாதா அமசோனாஸ் என்னும் விடுதி திறக்கப்பட்டது. அதன் அறைகளுக்குச் சுவர் மூன்றே. நான்காவது பக்கம் காட்டை நோக்கித் திறந்து கிடக்கும். விருந்தினர் கொசுவலைக்குள் படுத்துக் காட்டொலியைக் கேட்டுத் துயில்வர்.

இம்முயற்சியை அங்குத் தங்கி ஆராய்ந்த மானிடவியலார் அமாண்டா ஸ்டிரான்சா கூறுவனவற்றுள் ஒன்று கருதத்தக்கது. விடுதியில் வேலை செய்வோர்க்கு வேட்டைக்கும் உழவிற்கும் நேரம் இல்லாமையால் காட்டின்மேல் அழுத்தம் குறைந்தது. ஆயின் கையில் வந்த பணத்தினாற் சிலர்க்குத் தேவைகள் பெருகின; கூலியாள் வைத்து நிலத்தை விரிக்கவும் அதே பணம் துணையாதல் கூடும். பணம் வந்தால் காடு தானே பிழைக்கும் என்று விளம்பரத்தாள்கள் எழுதுவதை யான் நம்பாமைக்கு இது ஒரு காரணம். ஊரார் கூடித் தமக்குத்தாமே வகுத்துக்கொண்ட விதிகளே, எவ்விடத்து வேட்டை கூடாது, எம்மரத்தை வெட்டலாகாது என்பன போன்றவையே, பணத்தினும் மிகுதியாகக் காட்டைக் காத்தன என்று தோன்றுகிறது.

இடையே ஒரு வேடிக்கைச் செய்தி. பஞ்சவர்ணக்கிளி ஒருமுறை இரண்டு முதல் நான்கு முட்டையிட்டாலும், பெரும்பாலும் ஒன்றிரண்டு குஞ்சுகளே பிழைக்கும். கடைசிக் குஞ்சுகள் உணவின்றி இறக்கும். 1990-களின் தொடக்கத்தில், 1989-இல் அமைந்த தம்போபாத்தா ஆராய்ச்சி விடுதியிலிருந்தோர் அத்தகைய குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டனர். 'சிக்கோ' என்று பெயர்பெற்ற அவை காட்டுக் கிளிகளோடு கூடி வாழ்ந்து குஞ்சும் பொரித்தன. ஆயினும் பழக்கம் விடாமல் காலையுணவு வேளையில் விடுதிக்குப் பறந்துவந்து, விருந்தினர் தட்டிலிருந்து ரொட்டியைப் பறித்துச் சென்றன. விருந்தினர்க்குப் பெருமகிழ்ச்சி. மனிதரிடம் அச்சமற்ற கிளி காட்டில் நெடுநாள் வாழ்தற்கு ஏற்றதோ என்ற ஐயம் ஆராய்ச்சியாளர்க்கு.

இனி இவ்விடுதிகளை அச்சுறுத்துவனவற்றுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பெரு நாடு தன் எல்லைகளை அடைத்தபோது, விருந்தினரை நம்பியிருந்த விடுதிகள் ஒரேநாளில் வெறிச்சோடின. அயல்நாட்டார் வருகையையே நம்பிய வாழ்க்கை எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அன்று விளங்கிற்று. அதனினும் பெரியது பொன். மாத்ரே தே தியோசின் ஆற்றுமணலிற் பொன்துகள் கலந்துள்ளது. அதனை எடுப்போர் மரங்களை அழித்து, மண்ணை நீரால் அரித்து, பாதரசத்திற் பொன்னைச் சேர்த்துப் பின் நெருப்பிலிட்டுப் பிரிக்கின்றனர். பாதரசம் ஆவியாய் எழுந்தும் கழிவாய்ச் சேர்ந்தும் ஆற்றை அடைகிறது, ஆற்றிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து நீர்நாய்க்கும் மனிதர்க்கும். மலைநாட்டையும் பிரேசிலையும் இணைக்கும் பெருஞ்சாலை அமைந்தபின் இத்தொழில் மிக விரைந்து பரவிற்று. சாலையோரத்து லா பாம்பா என்னுமிடத்தில் பல்லாயிரவர் தோண்டிக்கொண்டிருந்தனர். 2019 பெப்ருவரியில் பெரு அரசு படையை அனுப்பி அவர்களை அகற்றிற்று. அகன்றோரிற் பலர் வேறு கரைகளுக்குப் பெயர்ந்தனர். தோண்டிய நிலத்தில் மரமின்றி, மஞ்சள்நிற நீர்க்குட்டைகளே எஞ்சின.

தம்போபாத்தாக் காடு 2000 முதல் தேசியக் காப்பிடம்; அதனையடுத்து 1996-இல் அமைந்த பஹுவாஹா சோனெனே தேசியப் பூங்கா உளது. பஹுவாஹா என்பது தம்போபாத்தாவிற்கு எசே எஹா மக்கள் இட்ட பெயர். காப்பிடத்தின் எல்லையாய் ஓடும் மாலினோவ்ஸ்கி ஆற்றின் கரையிலும் பொன் தோண்டுவோர் புகுந்தனர். அவ்வாறு வந்து கலப்பது, கிளிகள் உப்பைத் தேடி வரும் கொலராதோக் கரையையுடைய தம்போபாத்தாவிலேயாம்.