வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் எங்கே?

மயிலாப்பூர் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரூம், துணிக்கொடி எல்லாம் போக மிஞ்சும் இடம் சொற்பம். ஒரு கிலோவாட் சோலார் பேனலுக்கோ ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். அதனால் சதுர அடிக்கு எத்தனை வாட் என்பதுதான் அங்கே கேள்வி. ஃபெரோஎலெக்ட்ரிக் மென்படலங்கள் அந்தக் கேள்வியில் தேறாது. ஆனால் அவற்றிடம் கேட்கவேண்டிய கேள்வியே அது இல்லை என்பேன்.

சிலிக்கான் செல் ஒன்று சுமார் 0.7 வோல்ட் தரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராமமூர்த்தி ரமேஷின் பெர்க்லி குழு 2010இல் பிஸ்மத் ஃபெரைட் என்ற ஃபெரோஎலெக்ட்ரிக் பொருளின் படலத்தில் ஒளி பாய்ச்சியபோது, 0.2 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பத்து வோல்ட்டுக்கு மேல் கிடைத்தது. ஃபெரோஎலெக்ட்ரிக் படிகத்துக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் இயல்பாகவே சற்று விலகி நிற்கும். அந்த விலகலின் திசை மாறும் எல்லைச் சுவர்கள் ஒவ்வொன்றும் சுமார் 10 மில்லிவோல்ட் சேர்க்கின்றன என்றது குழு. இல்லை, படிகத்தின் உடலே காரணம் என்று 2013இல் ஜெர்மனியின் ஹாலெ ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். காரணம் எதுவானாலும் மின்னோட்டம் மிகச் சிறியது. இந்தப் பொருள் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். அதோடு நீலத்துக்கு இப்பால் உள்ள பச்சை, சிவப்பு ஒளியை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது; ஒன்று மட்டும் உயர்ந்து பயனில்லை. ரமேஷே 2011இல் அமெரிக்க அரசின் சன்ஷாட் திட்டத்துக்கு முதல் இயக்குநரானபோது, அதன் இலக்கு பெரிய சோலார் நிலையங்களில் வாட்டுக்கு ஒரு டாலர் என்ற விலைதான்.

கியூபெக்கில் 2015இல் குரோமியம் கலந்த பல அடுக்குப் படலம் 8.1 சதவீதத் திறனை எட்டியதே என்று கேட்கலாம். நல்ல சாதனைதான், ஆனால் கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானால் முடியாதது வேறொன்று. வெளியிலிருந்து வோல்ட்டேஜ் கொடுத்து ஃபெரோஎலெக்ட்ரிக் படிகத்தின் மின்னூட்ட விலகலைத் திருப்பினால், ஒளியால் பிறக்கும் மின்னோட்டமும் திரும்பிவிடும். ஒரு திசையை 0, மறுதிசையை 1 என்று கொண்டால் அதுவே நினைவகம். வழக்கமான ஃபெரோஎலெக்ட்ரிக் நினைவகத்தில் படித்த மாத்திரத்தில் தகவல் அழிந்து, மறுபடி எழுதவேண்டும். ஒளியால் படித்தால் அந்தத் தொல்லை இல்லை. சிங்கப்பூரில் 2013இல் 16 செல்களோடு இதைச் செய்தும் காட்டினார்கள். செல் சுருங்கச் சுருங்க மின்னோட்டமும் சுருங்கும் என்ற சிக்கல் இங்கேயும் உண்டுதான். ஆனால் மின்விசிறியை ஓட்டும் அளவு வேண்டியதில்லை; எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.