புழக்கடையில் மிஞ்சும் சேவல்கள்

அடைக்கு வைத்த 12 முட்டைகளில் 10 பொரிக்குமாயின், அவற்றுள் ஏறக்குறையப் பாதி சேவற்குஞ்சுகளாகவே இருக்கும். பருந்துக்கும் கீரிக்கும் கழிச்சலுக்கும் போனவை போக, ஐந்தாறு பெட்டைகளே உள்ள புழக்கடையில் மூன்று நான்கு சேவல்கள் ஒருமித்து வளர்ந்து நிற்பதைப் பல கிராமங்களில் காணலாம். பண்டிகைக்கு ஆகும் என்று அவற்றை விட்டுவைப்பது வழக்கம். பண்டிகை வருமுன் அவற்றால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிடுவோர் சிலரே.

சேவல் இல்லாவிடில் பெட்டை முட்டையிடாது என்னும் எண்ணம் இன்னும் சிலரிடம் உண்டு. அது தவறு. பருவமெய்திய பெட்டை சேவலின் துணையின்றியே முட்டையிடும். நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பெட்டைகள் கூண்டுகளில் இருந்தபடியே முட்டையிடுகின்றன. அக்கூண்டுகளில் சேவல் கிடையாது. குஞ்சு பொரிப்பதற்கான முட்டைக்கு மாத்திரமே சேவல் வேண்டும். அதற்கும் 8 அல்லது 10 பெட்டைகளுக்கு ஒன்று போதுமானது.

சேவல்களால் வரும் கேடுகளுள் பெரியது கண்ணுக்குப் புலப்படாதது. கருக்கூடிய முட்டையினுள் இருக்கும் கரு, ஏறத்தாழ 21 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் மெல்ல வளரத் தொடங்குகின்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளிக் கிராமங்களில் வீட்டினுள்ளேயே 35 டிகிரி உஷ்ணம் நிலவுவது சாதாரணம். ஆகவே கோழி அடைகாவாமலே, பானையில் வைத்த முட்டையில் சில நாட்களுக்குள் மஞ்சட்கருவின்மேல் இரத்த வளையம் தோன்றுகின்றது. பின்னர்க் கரு இறந்து முட்டை அழுகிக் கூழ்முட்டையாகின்றது. கருக்கூடாத முட்டையும் அவ்வுஷ்ணத்தில் நீர் வற்றி இளைக்கும். ஆனால் இரத்த வளையம் தோன்றுவதில்லை. அதிக நாள் கெடாதிருக்கும். வீட்டுப் பெண்கள் ஒரு வாரம் சிறுகச் சிறுகச் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பும் முட்டைகளே அவர்களுடைய சிறுவாட்டுப் பணம். அவற்றுள் நாலைந்து கெட்டிருப்பின், வியாபாரி கூடை முழுவதற்குமே விலையைக் குறைத்துவிடுகிறான்.

ஆதலால் அடைவைக்கும் பருவம் தவிர மற்றக் காலங்களில், விசேஷமாகக் கோடையில், சேவலைப் பெட்டைகளினின்று பிரித்துவைத்தல் வேண்டும். பிரித்த மறுநாளே பயன் தெரியாது. சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரங்களும் அதற்கு மேலும் உயிர்ப்புடன் தங்கும் தன்மையது. மூன்று வாரம் கடந்த பின்னரே எல்லா முட்டைகளும் கருக்கூடாதவையாக வரும். மீண்டும் அடைக்கு முட்டை வேண்டின், சேவலைச் சேர்த்து ஒரு வாரம் கழித்து எடுத்துவைக்கலாம். இதில் ஓர் இடையூறு உண்டு. வேலியற்ற புழக்கடையில் தன் சேவலை ஒருவர் அடைத்துவைத்தாலும், அடுத்த வீட்டுச் சேவல் வந்து சேரும். தெருவில் உள்ள நாலைந்து வீட்டார் ஒன்றுகூடி, ஒரு நல்ல சேவலைப் பொதுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குவதே இதற்குத் தக்க வழி. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவலை விற்க மனமில்லாதவர், அதனைத் தனிப் பஞ்சாரத்தில் வளர்க்கலாம்.

சேவல்கள் மிகுந்தவிடத்துப் பெட்டைகளும் துன்புறுகின்றன. ஓயாது மிதிபடுவதால் முதுகுச் சிறகுகள் உதிர்ந்து, தோல் கிழிந்து, புண்ணில் ஈ மொய்க்கின்றது. அஞ்சிய பெட்டைகள் தீனியருகே வாராமல் ஒதுங்கிவிடுவதால் முட்டையும் குறைகின்றது.

மனிதரைப் பாய்ந்து கொத்தும் சேவலின் குணம் வேறு. பருவமெய்தியதும் தன் பெட்டைகளைக் காக்கும் இயல்பினால் அது எதிர்வருவோரைப் பகையாகக் கருதுகின்றது. குழந்தை அஞ்சி ஓடினால் வென்றுவிட்டதாக எண்ணி மறுநாளும் வரும். கோலால் அடித்தாலோ அதனைச் சண்டைக்கு அழைப்பாகக் கொண்டு முன்னிலும் மூர்க்கமாகும். அசையாது நிற்பதும், இயலுமாயின் பிடித்துச் சற்று நேரம் அக்குளில் இடுக்கி வைத்திருப்பதும் சிலவற்றை அடக்கும். அசில் சேவல்கள் தம் இனத்தோடு கடும்போர் புரிந்தாலும், வளர்த்தவரிடம் பெரும்பாலும் சாதுவாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. குழந்தைகளின் முகத்தளவுக்குப் பாயும் சேவலை ஒருநாளும் வைத்துக்கொள்ளலாகாது, கண்ணுக்கு அபாயம். கால்முள் கீறிய காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி வைத்தியரிடம் காட்டுவது அவசியம். மூர்க்கம் ஓரளவு வழிவழியாக வருவதாதலின், அத்தகைய சேவலைக் குஞ்செடுக்கவும் பயன்படுத்தலாகாது. சேவற்கட்டுக்கு விற்றுவிடலாம் என்பதும் தகாது. பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இளங்காளைக்குக் காயடிப்பதுபோலச் சேவலுக்கும் செய்தால் என்ன என்று சிலர் வினவுவதுண்டு. சேவலின் விதைகள் உடலுக்கு வெளியே இல்லை. முதுகெலும்பை ஒட்டி வயிற்றினுள் உள்ளன. விலாவைக் கீறி எடுக்கும் இவ்வேலை தேர்ச்சி பெற்ற கால்நடை மருத்துவருக்கே உரியது. வீட்டில் முயன்றால் பறவை துடித்துச் சாகும்.

சேவற்குஞ்சுகளைத் தரம் பிரிப்பதற்கு மூன்றாம் மாதம் ஏற்றது. அதற்குள் கொண்டையும் தாடியும் சிவந்து பெட்டையினின்று வேறுபாடு விளங்கிவிடும். அகன்ற மார்பும், நேரான கால்களும், சாந்த குணமும் உடைய ஒன்றை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றைப் பிரித்து அடைத்துத் தீனியிட்டு, நான்கைந்து மாதத்தில் விற்றுவிடுவது உத்தமம். வளர்ந்த சேவல் அடைப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தீனி தின்னும். மூன்று சேவல்களை மூன்று மாதம் வீணே வைத்திருந்தால் 27 கிலோ தானியம் செலவாகும். ஓராண்டு கடந்த சேவலின் கறியோ முற்றி நாராகிவிடுகின்றது. புரட்டாசியில் பலர் புலால் உண்ணாமையால் சந்தையில் விலை இறங்கும். அதற்கு முன்பு, அம்மன் கொடைகள் மிகுந்த ஆடியிலேயே விற்பது நலம். வீட்டு உபயோகத்துக்கு அறுப்பதாயின் முதல் நாள் இரவு தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, கூரிய கத்தியால் ஒரே வீச்சில் முடித்தல் வேண்டும்.

நிறுத்திய சேவலையும் பல்லாண்டு வைத்திருத்தல் கூடாது. தன் வயிற்றுக் குஞ்சுகளோடே அது சேர்வதால் வமிசம் நலிந்து, பொரிக்கும் குஞ்சுகளும் குறையும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேற்றூரிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். அவ்வாறு கொண்டுவந்த சேவலை மூன்று வாரம் தனியே அடைத்து, கழிச்சல், சளி முதலியன இல்லையெனக் கண்ட பின்னரே பெட்டைகளோடு விடவேண்டும்.