வலைக்கண்ணுக்குத் தப்பிய குருணை

2025 மே மாதக் கடைசி வாரம். கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைகளில் அலை வெள்ளை மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டது. சில கட்டுக் குலையாமல் வந்தன. பல கிழிந்து, உள்ளிருந்த சரக்கு மணலோடு கலந்துவிட்டது. பார்த்தால் ஜவ்வரிசி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஊறாது, குழையாது. தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

ஆங்கிலத்தில் நர்டில் என்கிறார்கள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் பட்டறைகளில் இதற்குப் பெயர் தானா. இந்தியில் தானா என்றால் தானியம். குடம், வாளி, பைப்பு, பால் பாக்கெட் என்று நாம் தொடுகிற பிளாஸ்டிக் எல்லாம் முதலில் இந்தக் குருணையாகத்தான் பிறக்கின்றன. எண்ணெய், எரிவாயு ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் புறப்பட்டு, கப்பலேறி, உலகம் முழுவதும் பட்டறைகளுக்குப் போகும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த எந்தப் பிளாஸ்டிக் துணுக்கும் நுண்பிளாஸ்டிக் என்பது விஞ்ஞானிகள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்குப்படி இந்தக் குருணை உடைந்து நுண்பிளாஸ்டிக் ஆகவில்லை, நுண்பிளாஸ்டிக்காகவே விற்கப்படுகிறது.

மூட்டைகள் வந்த கப்பல் எம்.எஸ்.சி. எல்சா 3. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் மே 24 அன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள். 640 கொள்கலன்கள் கப்பலில் இருந்தன. அவற்றில் 13 மட்டுமே ஆபத்தான சரக்கு என்று கணக்கு சொன்னார்கள். குருணை அந்தப் பதின்மூன்றில் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கேரளத்தில் மூழ்கிய கப்பலின் சரக்கு குமரிக்கு எப்படி வந்தது என்று கரையில் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். நீவாட்டின் போக்கு தெரியாமல் கடலில் தொழில் செய்ய முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்பும். குருணையும் அந்தச் சாலையிலேயே வந்தது. ஆலப்புழை, திருவனந்தபுரம், குமரி. ஜூன் மாதத்தில் தனுஷ்கோடி. அதே மாதம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், மன்னார்க் கரையிலும் ஒதுங்கியது. வழியில் மன்னார் வளைகுடா: 21 தீவுகளை வைத்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி, பவளத்திட்டும் ஆவுளியாவும் உள்ள கடல். குருணை அங்கே நின்று பெயர் எழுதிவிட்டுப் போகவில்லை. எவ்வளவு தங்கியது என்று யாருக்குத் தெரியும்?

இலங்கைக்கு இது முதல் அனுபவம் அல்ல. 2021 மே 20 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தது. கடலில் இறங்கிச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல். ஒரு கொள்கலனில் இருந்து நைட்ரிக் அமிலம் கசிவது முன்பே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தார்கள். வசதி இல்லை என்று இரண்டு இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். ஊருக்குள் கொள்ளிக்கட்டையோடு ஒருவன் வந்து, எங்கே போடுவது என்று வீடு வீடாகக் கேட்டுப் போன கதைதான். கப்பல் நாள்கணக்கில் எரிந்தது, ஜூன் தொடக்கத்தில் பின்பக்கம் தரைதட்டியது. அதிலிருந்த குருணை சுமார் 1,680 டன். உலகில் பதிவான குருணைக் கசிவுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

1,680 டன் என்றால் மனசில் படம் வராது. ஒரு மணியின் எடை 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 கிலோ மூட்டை ஒன்றில் பன்னிரண்டரை லட்சம் மணிகள். மொத்தக் கப்பலுக்கு 8,400 கோடி. நீர்கொழும்பிலிருந்து பாணந்துறை வரை மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். கொரோனா காலம் வேறு. கடற்படையினரும் கரையோர மக்களும் மண்வெட்டி, சல்லடை, வாளியோடு இறங்கினார்கள். மணலைச் சலிப்பது, தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளுவது. பெரிய கரைகளில் சுழலும் இயந்திரச் சல்லடைகள். காலையில் சலித்து முடித்த இடத்தில் மாலை அலை மறுபடி விரித்துப் போடும்.

வெந்துபோன குருணை அதைவிடத் தொல்லை. தீயில் உருகிக் கரிக்கட்டியாகி, கல்லா பிளாஸ்டிக்கா என்று பிரித்தறிய முடியாத துண்டுகள். இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் ஆய்வகத்தினரும் அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். எரியாத குருணையைவிட எரிந்த துண்டுகளின் வேதிக் கலவை மூன்று மடங்கு சிக்கலாக இருந்தது. கரிக்கட்டி சல்லடைக்கும் அடங்காது. விரல் பட்டாலே பொடியும்.

சல்லடை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் எவ்வளவு நுண்பிளாஸ்டிக் இருக்கிறது என்ற கேள்விக்குக் கிடைக்கிற விடை, கடலைவிட வலைக்கண்ணைச் சார்ந்தது. விசைப்படகின் மடிக்கண் எந்த அளவுக்குக் குறையக் கூடாது என்று சட்டம் போட்டு, அதையொட்டி வருஷக்கணக்கில் சண்டை நடக்கிற நம் கரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண் பெரிதானால் குஞ்சு தப்பும். ஆய்வுக் கப்பல்கள் பொதுவாக இழுத்துச் செல்லும் வலையின் கண் 0.33 மில்லிமீட்டர். அதில் சிக்கியதை வைத்து 2023இல் வெளியான ஓர் உலகக் கணக்கு, 2019 நிலவரப்படி கடலின் மேற்பரப்பில் 171 லட்சம் கோடி துணுக்குகள் மிதப்பதாகவும், அவற்றின் எடை 23 லட்சம் டன் என்றும் மதிப்பிட்டது. 2020இல் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தினர் 0.1 மில்லிமீட்டர் கண் உள்ள வலையைப் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான வலையில் கிடைத்ததைப் போல் இரண்டரை மடங்கு கிடைத்தது.

2025 ஜூலையில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வலையையே விட்டுவிட்டு, வட அட்லாண்டிக்கின் 12 இடங்களில் தண்ணீரை மொண்டு, ஒரு மைக்ரானுக்கும் சிறிய நானோ பிளாஸ்டிக்கைத் தேடினார்கள். அந்தப் பெருங்கடலின் மேல்அடுக்கில் மட்டும் 2 கோடியே 70 லட்சம் டன் இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. உலகக் கடல் எல்லாவற்றுக்கும் சொன்ன 23 லட்சம் டன் எங்கே, ஒரே கடலின் ஒரு பகுதிக்கான இந்த எண் எங்கே! கடலுக்குள் போன பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி மேற்பரப்பில் காணவில்லையே என்று இருபது வருஷமாக ஒரு விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. நுண்பிளாஸ்டிக் என்ற சொல்லைப் பரப்பிய ரிச்சர்ட் தாம்சனின் 2004ஆம் ஆண்டு ஆய்வுக்குறிப்பே, அத்தனை பிளாஸ்டிக்கும் எங்கே என்ற கேள்வியோடுதான் வந்தது. ஒரு பகுதி கடலடிச் சேற்றில் படிந்துவிட்டது. ஒரு பகுதி கரைக்கே திரும்பியது. மிச்சத்தில் கொஞ்சம், நம் வலைக்கு அகப்படாத அளவுக்குப் பொடிந்துபோயிருக்கிறது.

இனி, இந்தக் கட்டுரைக்கே குழிபறிக்கிற ஓர் எண்ணையும் சொல்லியாக வேண்டும். பயன்பாட்டில் இருக்கும்போதே துணுக்காகக் கடலுக்குப் போகிற பிளாஸ்டிக் எங்கிருந்து வருகிறது என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் கணக்கெடுத்தது. செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதில் 35 சதவீதம். டயர் தேய்மானத்தில் 28 சதவீதம். குருணையின் பங்கு 0.3 சதவீதம்தான். பாலியஸ்டர் சேலையை வாஷிங் மெஷினில் போடுகிறோம். ஆறு கிலோ துணியின் ஒரே துவைப்பில் 7 லட்சம் இழைகள் வரை உதிரலாம் என்று தாம்சனின் ஆய்வகமே அளந்து சொல்லியிருக்கிறது. சாலையில் தேயும் டயர்ப் பொடி மழைநீரோடு ஓடை, ஆறு, கடல் என்று போகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்ததும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் பல ஆண்டு பிடிபடவில்லை. டயரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் நஞ்சுதான் அது என்று 2020 கடைசியில் கண்டுபிடித்தார்கள்.

அப்படியானால் ஆயிரத்தில் மூன்று பங்குக் குருணையை ஏன் இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? அதற்கு முகவரி இருக்கிறது. சேலையிலிருந்து உதிர்ந்த இழை யாருடையது என்று எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது. குருணைக்கு உற்பத்தி செய்த ஆலை உண்டு, ஏற்றியவர் உண்டு, வாங்க இருந்தவர் உண்டு, கப்பல் உண்டு, சரக்குச் சீட்டு உண்டு. கடலில் கிடக்கும் நுண்பிளாஸ்டிக்கிலேயே இதற்குத்தான் சொந்தக்காரர் யார் என்று எழுதி வைத்திருக்கிறது. அதையே சட்டத்தால் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தால் மற்றதன் கதி தெரிந்துவிடும்.

சர்வதேசக் கப்பல் விதிகள் ஆபத்தான சரக்கு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. வெடிப்பது, எரிவது, அரிப்பது, நஞ்சு எல்லாம் அதில் வரும். குருணை இவற்றில் எதுவும் செய்யாது; சும்மா மிதக்கும். அதனால் சாதாரணச் சரக்கு. மேல்தட்டில் அடுக்கினாலும் கேள்வி இல்லை. பேர்ல் விபத்துக்குப் பிறகு, இதை ஆபத்தான சரக்காக அறிவிக்கச் சொல்லி இலங்கை சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் கேட்டது. 2024இல் கிடைத்தவை பரிந்துரைகள்: நல்ல மூட்டையில் கட்டுங்கள், முடிந்தவரை தட்டுக்குக் கீழே வையுங்கள். கட்டாயம் இல்லை. ஓராண்டு கழித்து எல்சா 3 மூழ்கியது.

நஷ்டஈடு இன்னொரு கதை. கப்பல் வழக்குகளில் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் உடன்படிக்கை உண்டு. அந்த வரம்பு கப்பலின் அளவைப் பொறுத்தது, நாசத்தின் அளவைப் பொறுத்தது அல்ல. லண்டன் நீதிமன்றம் 2023இல் பேர்ல் விவகாரத்துக்கு வைத்த வரம்பு சுமார் 1.9 கோடி பவுண்டு. 2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. கப்பல் நிறுவனம் மறுத்துவிட்டது. எல்சா விஷயத்தில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேட்பதும் மறுப்பதும் இப்படி நடந்துகொண்டிருக்கும்போது கரையில் குனிந்து பொறுக்கியது யார்? தன்னார்வலர்கள், வனத்துறை ஊழியர்கள், கரையோரத்து மக்கள். சரக்குச் சீட்டில் பெயர் உள்ள யாரும் சல்லடை பிடித்ததாகத் தெரியவில்லை.

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நிதானமாகவே சொல்ல வேண்டும். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனி அடைப்பை அகற்றிய 257 பேரின் கொழுப்புப் படிவை ஆராய்ந்தார்கள். 150 பேருடையதில் பாலிஎத்திலீன் இருந்தது. அவர்களுக்கு அடுத்த மூன்றாண்டுக்குள் மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நாலரை மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆய்வகத்தின் காற்றிலும் கையுறையிலும்கூடப் பிளாஸ்டிக் இருப்பதால், ரத்தத்திலும் மூளையிலும் இவ்வளவு இருக்கிறது என்று வரும் அளவுகளைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே தகராறு இருக்கிறது. மூளையில் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். சும்மா விட்டுவிடவும் வேண்டாம்.

வருங்காலம்? 2019இல் உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் 46 கோடி டன். இப்படியே போனால் 2060இல் 123 கோடி டன் என்கிறது ஓ.இ.சி.டி. அமைப்பு. 2015 வரை சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம். இன்றைக்கே புதிதாகக் கொட்டுவதை நிறுத்தினாலும், ஏற்கெனவே கடலில் கிடக்கும் வலையும் பாட்டிலும் வெயிலில் நொறுங்கிக்கொண்டே இருக்கும், நுண்பிளாஸ்டிக் கூடிக்கொண்டே இருக்கும். பொடிந்ததைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. எடுக்கிற அளவுக்கு நெருக்கமான வலை போட்டால் கடலின் மிதவை உயிர்களையும் சேர்த்து அள்ளிவிடும்.

தமிழ்நாட்டின் மஞ்சப்பையை நான் கேலி பேச மாட்டேன். 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்கு இங்கே தடை இருக்கிறது, ஓரளவு பலனும் இருக்கிறது. ஆனால் பையைக் குறைக்கச் சொல்கிற நாம் குருணையைக் குறைக்கச் சொல்வதில்லை. பிளாஸ்டிக் ஒப்பந்தம் ஒன்று வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் உலக நாடுகள் முடிவு செய்தன. 2024 கடைசியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனிவாவிலும் பேச்சு முறிந்தது. சண்டையின் மையம் ஒரே கேள்வி: உற்பத்திக்கு வரம்பு வைப்பதா, குப்பையை மட்டும் பேசுவதா? எண்ணெய் நாடுகள் வரம்பு வேண்டாம் என்றன. பூசானில் இந்தியாவும் முதல்நிலைப் பாலிமர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஒப்பவில்லை. வளரும் நாட்டுக்கு அதற்கான காரணங்கள் இருக்கும். மன்னார் வளைகுடாவை வைத்துக்கொண்டு அந்தக் காரணங்களைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டோக்கியோவில் ஹிதேஷிகே தகாதா என்ற பேராசிரியர் 2005இலிருந்து ஒரு வேலை செய்துவருகிறார். உலகத்தில் எந்தக் கரையில் குருணை கிடைத்தாலும் நூறு, இருநூறு மணிகளைப் பொறுக்கி, அலுமினியத் தாளில் மடித்து, கவரில் போட்டு விமானத் தபாலில் அனுப்பச் சொல்கிறார். கடலில் கரைந்திருக்கும் பி.சி.பி., டி.டி.டி. போன்ற நஞ்சுகளைக் குருணை ஈர்த்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகமாக. அதை அளந்து, எந்தக் கடலில் எது கலந்திருக்கிறது என்று வரைபடம் போடுகிறார். வெள்ளையாக இருப்பதைவிட மஞ்சள் பூத்ததுதான் அவருக்கு வேண்டும். மஞ்சளாகியிருந்தால் நெடுநாள் கடலில் கிடந்தது என்று பொருள், அதில்தான் நஞ்சு அதிகம் ஏறியிருக்கும். குமரியில் ஒதுங்கிய மணிகள் பளிச்சென்ற வெள்ளை. மணலுக்குள் தங்கிவிட்டவை மஞ்சளாக இன்னும் சில வருஷம் ஆகும்.