வைசரில் கீறல் விழுந்தால் ஹெல்மெட்டையே மாற்ற வேண்டுமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

அடையாறில் இருந்து மயிலாப்பூருக்கு இரவில் பைக் ஓட்டி வருபவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. எதிரே வரும் காரின் ஹெட்லைட் பட்டதும் ஹெல்மெட் வைசர் முழுக்க மத்தாப்பு கொளுத்தியது போல வெளிச்சம் சிதறும். ஒன்றிரண்டு நொடிகளுக்குச் சாலையே தெரியாது. பள்ளமோ, குறுக்கே வரும் ஆளோ, எதுவும் கண்ணில் படாது. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால் தூசியும் பூச்சியும் கண்ணில் விழும்.

சரி, வைசரை மட்டும் மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போனால், "இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல சார், புதுசா ஒண்ணு எடுத்துக்கோங்க" என்ற பதில்தான் பலருக்குக் கிடைக்கிறது. நன்றாக இருக்கும் ஹெல்மெட், சில நூறு ரூபாய் பெறும் ஒரு பிளாஸ்டிக் தகடு கிடைக்காததால் பரணுக்குப் போகிறது. வாங்கும்போதே நான்கைந்து விஷயங்களைக் கவனித்தால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

வைசர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கீறுகிறது?

பெரும்பாலான வைசர்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. கல் தெறித்தால்கூட எளிதில் உடையாது, அதுதான் இதன் பலம். ஆனால் மேற்பரப்பு மென்மையானது, கண்ணாடியைவிடச் சுலபமாகக் கீறல் விழும். அதனால்தான் நல்ல வைசர்களின் மேல் கீறல் தாங்கும் பூச்சு ஒன்று இருக்கும். விலை குறைந்த வைசர்களில் இந்தப் பூச்சு இருக்காது, அல்லது பேருக்கு இருக்கும்.

சென்னையில் இதற்குக் கூடுதல் சோதனை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தோண்டப்பட்ட லஸ், பனகல் பூங்கா, அடையாறு பகுதிகளில் தினமும் போய் வருபவர்களின் வைசரில் மாலைக்குள் மெல்லிய மண் படிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது கர்சீஃபாலோ சட்டை முனையாலோ அதைத் துடைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. உலர்ந்த மண்ணை வைத்துத் தேய்ப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைசர் மேல் போட்டு வைத்தால் தூசி ஊறிக் கழன்றுவிடும். பிறகு ஒரு சொட்டு மென்மையான சோப்பு, தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி போதும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஆகியவை வேண்டவே வேண்டாம். அவை பூச்சை அரிப்பதோடு பாலிகார்பனேட்டிலேயே மயிரிழை விரிசல்களை உண்டாக்கும்.

எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்ற முடியாது?

பனிச்சறுக்கு விளையாடுபவர்கள் அணியும் கண்ணாடிகளில் லென்ஸ் தனி, தலைப்பட்டை தனி. நல்ல மாடல்களில் ஒன்று பழுதானால் அதை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சென்னைக்காரர்களுக்குப் பனி எங்கே என்று கேட்கலாம். ஆனால் ஹெல்மெட் வாங்கும்போதும் பார்க்க வேண்டியது இதே அமைப்பைத்தான்.

வைசர், அதைத் தாங்கும் பக்கவாட்டு மெக்கானிசம், உள்ளே இருக்கும் துணி லைனர், கன்னப் பகுதி பேட், மூக்குக்கு மேலே இருக்கும் சிறிய தடுப்பு ஆகியவற்றைக் கழற்றி மாற்றலாம். வெளி ஓடு, அதற்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு, ஓட்டோடு ரிவெட் அடித்த தாடைப் பட்டை ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. உயிரைக் காப்பாற்றுவது இவைதான்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய முதல் சோதனை: "வைசரைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் அரை நிமிடத்தில் கழன்று, அதேபோல மாட்ட முடிந்தால் நல்ல மாடல். திருகாணி வைத்த மாடல்களிலும் தவறில்லை. ஆனால் சாந்தோம், பெசன்ட் நகர் போலக் கடற்காற்று அடிக்கும் பகுதிகளில் இரும்புத் திருகாணி துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக் திருகாணி என்றால் இரண்டு கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, தொலைவது அதுதான்.

அடுத்தது, "இதுக்கு வைசர் மட்டும் தனியா கிடைக்குமா? இப்பவே ஒண்ணு குடுங்க" என்று கேட்பது. கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்தால் கவலையில்லை. தயங்கினால் வேறு மாடல் பார்க்கலாம். ஸ்டட்ஸ், ஸ்டீல்பேர்டு, வேகா போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்கு வைசரைத் தனியாகவும் விற்கின்றன. ஆனால் எல்லா ஹெல்மெட்டுக்கும் பொதுவான வைசர் என்று ஒன்று கிடையாது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் வளைவும் கொக்கியும் மாறும். புதிதாக வந்து கலக்கும் மாடலைவிட, சில ஆண்டுகளாகத் தொடர்ந்து விற்கும் மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்று சொல்லி மாற்று வைசர்களும் விற்பார்கள். அவற்றை எப்படிச் சோதிப்பது? வைசரைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, அதன் வழியே ஷட்டரின் கோடு அல்லது கதவு நிலை போன்ற நேர்கோட்டைப் பாருங்கள். மெதுவாக அசைக்கும்போது கோடு நெளிந்தால் அந்த வைசர் வேண்டாம். கொஞ்ச நேரத்திலேயே தலைவலி வரும், தூரக் கணக்கும் தப்பும்.

கறுப்பு, ரெயின்போ வைசர் வாங்கலாமா?

மே மாத வெயிலுக்கு இதமாக இருக்கும், உண்மைதான். ஆனால் தி.நகரில் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்புபவருக்கு அது ஆபத்து. இரவில் கிளியர் வைசர் மட்டுமே பாதுகாப்பானது. இரண்டும் வேண்டும் என்பவர்கள், உள்ளே இறக்கிக்கொள்ளும் தனிக் கறுப்புக் கண்ணாடி உள்ள மாடலைப் பார்க்கலாம். அந்தக் கண்ணாடியும் தனியாகக் கிடைக்குமா என்று மறக்காமல் கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிரச்சினை வேறு. மூச்சுக்காற்று பட்டு வைசரின் உட்புறம் மங்கிவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இரட்டைத் தொல்லை. இதற்குப் 'பின்லாக்' எனப்படும் உள்தகடு இருக்கிறது. வைசருக்கும் அதற்கும் இடையே காற்று அடைபட்டு நிற்பதால் உட்புறம் அவ்வளவு சீக்கிரம் குளிராது, ஆவியும் படியாது. பனிச்சறுக்குக் கண்ணாடிகளில் இரட்டை லென்ஸ் இருப்பதும் இதனால்தான். வைசரின் இரு பக்கமும் அதற்கான சிறிய முளைகள் இருந்தால் மட்டுமே பின்லாக் மாட்ட முடியும்.

லைனரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை வியர்வைக்கு, கழற்றித் துவைக்க முடியாத லைனர் ஒரு கோடைகூடத் தாங்காது.

ஐஎஸ்ஐ முத்திரை போதுமா?

2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர வாகன ஹெல்மெட்டுகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். போலி ஸ்டிக்கர் ஒட்டிய ஹெல்மெட்டுக்கு எத்தனை வைசர் மாற்றினாலும் பயனில்லை.

சென்னையில் 2022 மே 23 முதல் பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் விதி கண்டிப்பாக அமலாகிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஹெல்மெட் இல்லாவிட்டால் அபராதம் 100 ரூபாயில் இருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு ஹெல்மெட் தேவைப்படும் நிலையில், இரண்டையும் ஒரே மாடலாக, ஓட்டின் அளவும் ஒன்றாகவே வாங்கினால் ஒரு கூடுதல் வைசர் இரண்டுக்கும் உதவும்.

எப்போது முழு ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டும்?

விபத்தில் ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்கு ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பழைய நிலைக்கு வராது. அடுத்த அடியை அது தாங்காது. அடிபடாத ஹெல்மெட்டையும் ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை. கண்ணாடிக் கம்பியில் ஹெல்மெட்டைத் தொங்கவிடும் பழக்கமும் உள் அடுக்கைக் குழியாக்கும்.

உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் பெயர், அளவு, தயாரித்த மாதம், ஆண்டு இருக்கும். ஒரு வருட வியர்வையில் அது அழிந்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வைசர் கேட்டுப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.