நாணல் பிடித்த மணல்

காட்டூரில் எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. ஐந்தாறு வருடமாக யாரும் வீடு கட்டவில்லை. முதல் மழைக்கு நெருஞ்சியும் கிணற்றடிப்பூண்டும் தரையோடு படர்ந்தன. மறு வருடம் துத்தியும் ஆவாரையும் எருக்கும் தலைகாட்டின. எல்லைக்கு நட்டிருந்த கல்தூண்களில் காக்கையும் மைனாவும் உட்கார்ந்து வேப்பங்கொட்டைகளைப் போட்டன. இன்று மூன்று வேப்பங்கன்றுகள் நிற்கின்றன. மூன்றும் தூண்களுக்கு அடியில்தான். மனை நடுவே ஒன்றுகூட இல்லை.

இப்படி ஒரு கூட்டம் வந்து, இடத்தைப் பக்குவப்படுத்தி, அடுத்த கூட்டத்துக்கு விட்டுக்கொடுப்பதைப் பள்ளிப் பாடநூல் ‘தாவர வழிமுறை வளர்ச்சி’ என்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளில் ஹென்றி கௌல்ஸ் என்ற தாவரவியலாளர் இதைப் பார்த்து 1899இல் எழுதினார். நீரோரத்து இளமணலில் புல், உள்ளே போகப்போகப் புதர், அதற்கும் அப்பால் பழைய மேடுகளில் மரம். கரையிலிருந்து உள்ளே நடந்தால் காலத்தின் ஊடாகவே நடந்த மாதிரி.

அந்த நடையை நாம் திருவானைக்காவல் தாண்டிக் கொள்ளிடம் ஆற்றில் நடக்கலாம். புதிதாக விழுந்த மணல் காலைச் சுடும். நீர் நிற்காது, சத்தும் குறைவு. அதில் முதலில் துணிவது நாணல். போன மாதம் ஒரு தூரைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கையால் மணலைப் பறித்துப் பார்த்தால் முழங்கை ஆழத்திலும் வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, கணுவுக்குக் கணு வேர். மேலே மணல் மூடினாலும் கணுவிலிருந்து முளைத்து ஏறிவிடும். காற்றில் வரும் தூசியும் வெள்ளத்து வண்டலும் தூரில் தங்கித் தங்கி மணல் மண்ணாகிறது. அதில் ஆவாரை, நுணா, பிறகு வேம்பு. மர நிழல் விழுந்ததும் நாணல் மெலிகிறது. வெயில் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை. தான் கட்டிய தரையிலேயே அதற்கு இடமில்லாமல் போவதைப் பார்க்க எனக்கு மனசு கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

இந்த வளர்ச்சி கடைசியில் ஓர் உச்சநிலைத் தாவரக் கூட்டத்தில் போய் நிலைக்கும் என்று ஃபிரடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற இன்னொரு தாவரவியலாளர் 1916இல் வாதிட்டார். கொள்ளிடம் அதை ஒப்புக்கொள்ளாது. காவிரியின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு இது. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு அணையில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட வெள்ளம் புதரையும் கன்றையும் வாரிக்கொண்டு, வெறும் மணலை விரித்துவிட்டுப் போகும். பிறகு மறுபடி நாணல். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் பெருவெள்ளம் வரும் வருடங்கள் குறைந்தன. திட்டுகளில் புதருக்கு மரமாக அவகாசம் கிடைத்தது.

மணல் அள்ளிய பள்ளங்களில் கதை வேறு. அடிக்களிமண் தெரியும் அந்த இடங்களில் நாணலைத் தேடினேன், காணோம். நின்றது சீமைக்கருவேலம். 1870களில் வெளிநாட்டிலிருந்து விதையாக வந்த மரம். ஆடு அதன் காயைத் தின்று போடும் புழுக்கையிலும் அதன் விதை முளைக்கிறது. அதனடியில் குனிந்து பார்த்தேன். உதிர்ந்த இலையும் முள்ளும்தான் கிடந்தன. வேம்பில்லை, நுணாவில்லை, வேறெந்தக் கன்றும் இல்லை.

(தொடரும்)