நிணநீர்ப் புற்றின் போக்கைச் சொல்லும் எதிர்ப்பணுக்கள்

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்று, பிற புற்றுநோய்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. நுரையீரலிலோ குடலிலோ தோன்றும் புற்றை எதிர்ப்பது உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. நிணநீர்ப் புற்றிலோ அம்மண்டலத்தின் முதன்மை வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளே நெறி பிறழ்ந்து பெருகுகின்றன. ஆகவே, ஒரே கட்டிக்குள் கெட்டுப்போன எதிர்ப்பணுக்களும் கெடாத எதிர்ப்பணுக்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. கெடாதவை எவை, எவ்வளவு, என்ன செய்கின்றன என்பதற்கும் நோயாளியின் எதிர்காலத்துக்கும் தொடர்பு உண்டு. இரத்தத்திலோ திசுவிலோ அளந்தறியத்தக்க இத்தகைய அடையாளங்கள் உயிர்க்குறியீடுகள் எனவும், அவற்றைக் கொண்டு நோய் செல்லும் திசையை மதிப்பிடுவது முன்கணிப்பு எனவும் வழங்கப்படுகின்றன.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் விவரித்து, பின்னர் அவர் பெயராலேயே அறியப்பட்ட நிணநீர்ப் புற்று இதற்குத் தெளிவான சான்று. அந்தக் கட்டியில் உண்மையான புற்றணுக்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டே. எஞ்சிய பெரும்பகுதி லிம்போசைட் வகையான டி அணுக்கள், ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள், பிற அணுக்களை விழுங்கிச் செரிக்கும் மேக்ரோஃபேஜ்கள் முதலியவற்றால் ஆனது. இவற்றைப் புற்றணுக்களே வேதிப்பொருள்களைச் சுரந்து வரவழைத்து, தமக்கு ஆதரவாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. அத்தகைய வேதிப்பொருளான டார்க் என்னும் புரதத்தின் அளவு நோயாளியின் இரத்தத்தில் உயர்ந்திருப்பதும், சிகிச்சை பலனளிக்கும்போது விரைந்து குறைவதும் கண்டறியப்பட்டுள்ளன. 2010-இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள், சிடி68 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டு திசுக்களில் மேக்ரோஃபேஜ்களைக் கணக்கிட்டு, அவை மிகுந்திருந்தவர்களிடம் சிகிச்சை தோற்பதும் ஆயுள் குறைவதும் கூடுதலாக இருப்பதைக் காட்டினர்.

ஆயினும், ஒரே அணு எல்லாச் சூழலிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதே இத்துறையின் மிக முக்கியமான பாடம். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் லிம்போமாவில், 191 நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, ஆயுளை முன்னறிவித்தவை புற்றணுக்களின் மரபணுக்கள் அல்ல, சுற்றியிருந்த இயல்பான எதிர்ப்பணுக்களின் மரபணுக்களே என்று கண்டது; டி அணுக்களின் சுவடு மிகுந்திருந்தவர்கள் நெடுங்காலமும், மேக்ரோஃபேஜ் போன்றவற்றின் சுவடு மிகுந்திருந்தவர்கள் குறைந்த காலமும் வாழ்ந்தனர். 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்சிமாப் மருந்து வழக்கத்துக்கு வந்தபின் இக்கணிப்பு ஆட்டம் கண்டது. இம்மருந்து புற்றணுவின் மேலுள்ள சிடி20 புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டப்பட்ட அணுக்களை விழுங்கி அழிப்பதில் மேக்ரோஃபேஜ்களுக்குப் பங்கு உண்டு. எனவே, பழைய சிகிச்சையில் தீய அறிகுறியாக இருந்த அதே அணுக்கள், புதிய சிகிச்சை பெற்றவர்களிடம் சில ஆய்வுகளில் நல்ல அறிகுறியாகவே அமைந்தன.

ஹாட்ஜ்கின் புற்றணுக்கள் தம்மேல் மிகுதியாக ஏந்தும் பிடி-எல்1 புரதமும் இவ்வாறானதே. டி அணுக்களின் மேலுள்ள பிடி-1 புரதத்தோடு பிணைந்து, அவற்றைச் செயலிழக்கச் செய்து புற்றைக் காப்பாற்றும் இப்புரதமே, பிடி-1-இல் ஒட்டி அந்தப் பிணைப்பைத் தடுக்கும் நிவோலுமாப் மருந்துக்கு வழியும் வகுத்தது. பிற சிகிச்சைகளுக்குப் பின்னும் நோய் திரும்பியவர்களுக்கு இம்மருந்தை வழங்க அமெரிக்கா 2016-இல் ஒப்புதல் அளித்தது.

திசுவை மரபணு அளவில் ஆராயும் வசதி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆனால் சாதாரண இரத்தப் பரிசோதனையும் பயனுள்ள செய்தியைத் தருகிறது. முற்றிய ஹாட்ஜ்கின் நோய்க்கென 1998-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு முன்கணிப்பு மதிப்பெண்ணின் ஏழு காரணிகளுள், லிம்போசைட் எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 600-க்குக் கீழே இறங்குவதும் மொத்த வெள்ளணுக்கள் 15,000-ஐ எட்டுவதும் அடங்கும். காசநோய், பிற தொற்றுகள், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் இவ்வெண்களை மாற்றக்கூடும் என்பதால், இவற்றைத் தனியே வைத்துப் பொருள்கொள்வது தவறாகும்.

இந்த மதிப்பெண்ணின் வரலாறே நோயாளிகளுக்கு ஆறுதல் அளிக்கத்தக்கது. 1998-இல், எந்தக் காரணியும் இல்லாதவர்களில் 84 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தபோது, ஐந்தோ அதற்கு மேலோ காரணிகள் கொண்டவர்களில் 42 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தனர். பின்னாளில் சிகிச்சை பெற்றவர்களையும் உள்ளடக்கி 2012-இல் வெளியான கனடிய ஆய்வில் அவ்விகிதங்கள் முறையே 88, 62 என உயர்ந்து, இடைவெளியும் சுருங்கியிருந்தது. நோயாளியின் கையில் இருக்கும் அறிக்கையிலுள்ள ஓர் எண், பலரைத் திரட்டிக் கணக்கிட்ட சராசரியையே காட்டுகிறது. ஆகவே, அறிக்கையை இணையத்தில் ஒப்பிட்டுத் தம் ஆயுளைத் தாமே கணக்கிட்டு மனம் தளராமல், அந்தக் கணிப்பு எந்தச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது என்று தம் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.