முதல் தயிர்ச் சோறும் முகத்தில் தடிப்பும்: குழந்தைக்குப் பால் ஒவ்வாமை என எப்போது உறுதி செய்யலாம்?

மும்பை: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைக்கு மாட்டுப்பால் புரதம் முதன்முதலாக நேரடியாகச் சென்று சேர்வது பெரும்பாலும் சோறூட்டத் தொடங்கும் நாள்களில்தான். மாட்டுங்காவில் அது ஒரு சொட்டுப் பால் பாயசமாக இருக்கலாம்; தாராவியில் பாலில் ஊறவைத்த பிஸ்கட்டாகவும், செம்பூரில் குழையப் பிசைந்த தயிர்ச் சோறாகவும் இருக்கலாம். ஊட்டிய சில நிமிடங்களில் உதட்டைச் சுற்றிச் சிவந்தாலோ, அன்றிரவு குழந்தை வாந்தி எடுத்தாலோ, 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகின்றனர். அந்த முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எப்படியாயினும் அதன் விளைவைச் சுமப்பது குழந்தையே.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பால் ஒவ்வாமை என்பது பாலிலுள்ள கேசீன், வே ஆகிய புரதங்களுக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழுவது. லாக்டோஸ் ஒவ்வாநிலை என்பது வேறு. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி போதாமையால் வயிறு உப்புவதும் நீராய்ப் போவதும் அது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகள் மிக அரிது. தாய்ப்பாலிலும் லாக்டோஸ் நிறைந்துள்ளது என்பதை நினைவில் கொண்டால், தாய்ப்பாலை நன்றாகக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு 'லாக்டோஸ் சேராது' என்று சொல்வதில் பொருளில்லை என்பது விளங்கும். கடும் வயிற்றுப்போக்குக்குப் பின் சில வாரங்கள் இந்நிலை தோன்றி மறைவதுண்டு. அதை ஒவ்வாமையாகக் கொள்ளக் கூடாது.

உண்மையான ஒவ்வாமை இரு வகையில் வெளிப்படுகிறது. ஒன்று உடனடி வகை. இம்யூனோகுளோபுலின் ஈ எனப்படும் எதிர்ப்பொருளால் நேரும் இதில், பால் உட்கொண்ட சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடிப்பு, கண் இமையும் உதடும் வீங்குதல், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவை தோன்றும். மற்றொன்று தாமத வகை. சில மணி நேரம் முதல் சில நாள்கள் கழித்து மலத்தில் இரத்தமும் சளியும், தொடர் வயிற்றுப்போக்கு, எடை கூடாமை, தீவிரமாகும் கரப்பான் போன்றவை தென்படும். இதில் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டாது.

தாமத வகையில் ஒரு வடிவம் பெற்றோரைப் பெரிதும் அச்சுறுத்தக்கூடியது. உணவு கொடுத்த ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் குழந்தை அடுத்தடுத்து வாந்தியெடுத்து, வெளிறித் துவண்டுவிடும். தோலில் தடிப்பு ஏதும் இராது. ஆகவே கிருமித்தொற்று என்றே பலமுறை கருதப்பட்டுவிடுகிறது. பால் மட்டுமன்றி, நம் வீடுகளில் முதல் உணவாகிய அரிசியும் இதைத் தூண்டுவதுண்டு.

அதே வேளையில், வாயைச் சுற்றிச் சிறிதளவு சிவப்பது மட்டுமே ஒவ்வாமைக்குச் சான்றாகாது. எச்சிலும் உணவும் மென்தோலில் உராய்வதாலும், தக்காளி போன்ற புளிப்புப் பொருள்களாலும் அவ்வாறு நேரும். உணவு படாத இடங்களில் தடிப்பு எழுந்ததா என்பதே கவனிக்கத்தக்கது. சந்தேகம் எழுந்தவுடன் என்ன கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்பதைக் குறித்துவைத்து, தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. மருத்துவரிடம் போய்ச் சேருமுன் தடிப்பு மறைந்துவிடுவது வழக்கம்.

மூச்சுத் திணறல், தொடர் இருமல், குரல் மாற்றம், திடீரெனத் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் அது அவசர நிலை. மகாராஷ்டிரத்தில் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். குழந்தையைப் படுக்கவைத்திருக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும் சற்று நிமிர்த்திப் பிடிக்கலாம். இந்நிலைக்கான முதல் மருந்து தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசியே. ஒவ்வாமை மாத்திரையோ சொட்டு மருந்தோ அதற்கு மாற்றாகாது. கை வைத்தியத்துக்கு அப்போது நேரமும் இல்லை.

உறுதி செய்யும் முறை

தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தச் சோதனையோ நேர்மறையாக வந்தால், உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டுள்ளது என்பது மட்டுமே தெரியவரும். பால் குடித்தால் பாதிப்பு வரும் என்று அதைக் கொண்டே சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான உணவுகளை ஒரே இரத்த மாதிரியில் அலசித் தருவதாக விற்கப்படும் ஐஜிஜி சோதனைகளை ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதே இல்லை. அதற்குச் செலவிடும் பணம் வீண்.

தாமத வகை ஒவ்வாமை எனச் சந்தேகித்தால், மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம் வரை பாலை அறவே நிறுத்தச் சொல்வார். அறிகுறிகள் தணிந்தபின் மீண்டும் பால் கொடுத்துப் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால்தான் ஒவ்வாமை உறுதி. பல குடும்பங்களில் விடுபட்டுப்போவது இந்த இரண்டாம் பாதிதான். பாலை நிறுத்தினோம், சரியாயிற்று என்ற நிம்மதியில் ஆண்டுக்கணக்கில் பால் விலக்கப்பட்டுவிடுகிறது. தானாகவே தணிந்திருக்கக்கூடிய வயிற்றுக் கோளாறுக்குப் பால் பழி சுமக்கிறது. உடனடி வகையாக இருந்தாலோ, வெளிறித் துவண்ட குழந்தையாக இருந்தாலோ, இந்த மறுசோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

மிகைக் கணிப்பு உலகெங்கும் உள்ள சிக்கல். இங்கிலாந்தில் பால் ஒவ்வாமைக்கான சிறப்புப் பால்மாவுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டுகள் 2006-இல் சுமார் 1.05 லட்சமாக இருந்து, 2016-இல் 6 லட்சத்தைக் கடந்தன. நோய் அந்த அளவுக்குப் பெருகியதற்குச் சான்றில்லை என 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் சுட்டிக்காட்டியது.

தாய்ப்பாலை நிறுத்தலாமா?

கூடாது. தாய் உட்கொள்ளும் பாலின் புரதம் மிகச் சிறிதளவே தாய்ப்பாலில் கலக்கிறது. தாய்ப்பால் மட்டும் அருந்தியபோது நலமாக இருந்த குழந்தைக்காகத் தாய் தன் உணவில் பாலைக் கைவிடத் தேவையில்லை. அப்போதே மலத்தில் இரத்தம் போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும், மருத்துவர் ஆலோசனையுடன் சில வாரம் பாலைத் தவிர்த்து, கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கப்பட்டது தாராவிக்கு அருகிலுள்ள சயான் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையில்தான். குறைமாதக் குழந்தைகளுக்காகத் தானமாகப் பெற்றுக் காக்கப்படும் அதே பாலை, ஒவ்வாமை என்ற ஊகத்தால் நிறுத்துவது பெரும் இழப்பு.

மாற்று என்ன என்பதில் மும்பையில் ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. எருமைப்பால் இந்நகரின் அன்றாடப் பழக்கம். நகருக்குள் இருந்த எருமைகளை வெளியேற்றவே கோரேகாவில் ஆரே பால் குடியிருப்பு 1949-இல் அமைக்கப்பட்டது. 'பசும்பால் சேராவிட்டால் எருமைப்பாலோ ஆட்டுப்பாலோ கொடுக்கலாம்' என்ற அறிவுரை அதனால்தான் எளிதில் வந்துவிடுகிறது. இவற்றின் புரதங்கள் மிக நெருங்கியவை என்பதால், பசும்பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர்க்கு இவையும் ஆகா. காய்ச்சுவதால் கேசீன் அழிவதில்லை. தயிராகத் தோய்த்தாலும் புரதம் நீங்குவதில்லை. பாதாம் பாலும் தேங்காய்ப் பாலும் ஓராண்டுக்குட்பட்ட குழந்தையின் முதன்மைப் பாலாக ஊட்டம் தரப் போதாதவை. தாய்ப்பால் இல்லாத குழந்தைக்குப் புரதம் நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவு தேவை. அது சாதாரணப் பால்மாவைவிடப் பல மடங்கு விலை என்பதால், தினக்கூலிக் குடும்பத்துக்குத் தவறான கணிப்பு நேரடிப் பண இழப்பாகவும் ஆகிறது.

திட உணவைப் பொறுத்தவரை அத்தனை அஞ்ச வேண்டியதில்லை. ராகிக் கூழ், பருப்பு மசித்த சோறு, முட்டை, மீன், காய்கள் ஆகியவற்றில் பால் இல்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. நெய்யிலும் புரதத்தின் சுவடு இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வாமை உறுதியான குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே சேர்க்க வேண்டும். பாலுக்கு அஞ்சி முட்டையையும் வேர்க்கடலையையும் சேர்த்துத் தள்ளிப்போடுவது தேவையற்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கே போதிய உணவு கிடைக்கிறது. அத்தகைய தட்டிலிருந்து காரணமின்றி இன்னொன்றை எடுப்பது எளிதாகக் கருதத்தக்கதன்று.

கடை உணவில் எச்சரிக்கை வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகளின்படி, பால் சேர்ந்திருந்தால் உறையில் 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்று தனியே குறிப்பிடப்பட வேண்டும். மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசீனேட் என்று எழுதியிருந்தாலும் பால்தான். குழந்தைகளுக்கான டின் தானிய உணவுகள் பலவற்றிலும் பிஸ்கட்டுகளிலும் இவை உள்ளன. ஆங்கிலம் வாசிக்காத பாட்டிதான் பகலில் குழந்தைக்கு ஊட்டுகிறார் என்றால், உறையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு வேறொருவருடையது.

பெரும்பாலோர்க்கு இந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிப்பதில்லை. டென்மார்க்கின் ஒடென்ஸ் நகரில் 1985-இல் பிறந்த 1,749 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் 39 பேருக்கு, அதாவது 2.2 விழுக்காட்டினருக்கு, பால் ஒவ்வாமை உறுதியானது. அவர்களுள் 56 விழுக்காட்டினர் ஒரு வயதிலும், 77 விழுக்காட்டினர் இரண்டு வயதிலும், 87 விழுக்காட்டினர் மூன்று வயதிலும் பாலை ஏற்கும் நிலைக்கு வந்திருந்தனர். உடனடி வகையினருக்குக் கூடுதல் காலம் ஆகலாம். எனவே மருத்துவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கின்றனர். உடனடி எதிர்வினை கண்ட குழந்தைக்கு அந்த முதல் மடக்குப் பாலை மருத்துவமனையில் வைத்தே கொடுத்து, சில மணி நேரம் கவனித்த பின்னரே வீட்டுக்கு அனுப்புவர். அன்று காய்ச்சலோ இரைப்போ இருந்தால் சோதனை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்படும்.